வீட்டைப் பார்த்துக்கொள்வது: என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தெருவில் 27 வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள், வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க ஆரம்பித்தவர்கள், ஊரிலிருந்து அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொண்ட பிள்ளைகள் என்று பலரும் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"வீட்ல சும்மாதானே இருக்கேன்னு கேக்குறாங்க. நாள் முழுக்க அப்படி என்னதான் செய்றேன்னு எனக்கே சொல்லத் தெரியலக்கா."

சமையல், துவையல், பாத்திரம், கூட்டுவது, துடைப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. இவற்றுக்கு முன்னால் ஒரு வேலை நடக்கிறது. யாருக்கு எப்போது என்ன வேண்டியிருக்கும் என்று பார்த்து வைப்பது. மாமனாரின் பிரஷர் மாத்திரை அட்டையில் இன்னும் நாலுதான் இருக்கிறது. சின்னவன் இரண்டு நாளாகச் சோற்றை அளைந்துகொண்டே இருக்கிறான். சிலிண்டர் மாற்றி ஒரு மாதம் ஆகப்போகிறது. எதிர்வீட்டுப் பாட்டி இன்னும் வாசல் தெளிக்கவில்லை. இதெல்லாம் யாரும் எழுதிக் கொடுத்த வேலை இல்லை. ஆனால் இவற்றைப் பார்க்க ஒருவர் இல்லாத வீடு ஒரே வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குக் கணக்கு உண்டு. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் கொடுப்பது 299 நிமிடம், செய்கிற ஆண்கள் கொடுப்பது 97 நிமிடம் என்று வந்தது. 2024-ல் மறுபடி எடுத்தபோது அது 289 ஆகவும் 88 ஆகவும் இருந்தது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனி. அடுத்த முறை யாராவது கேட்டால் "கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், ஞாயித்துக்கிழமையும் சேர்த்து" என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

"புதுசா தனிக்குடித்தனம் வந்திருக்கோம். எதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

பாத்திரக் கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் கேஸ் நுகர்வோர் எண், மின் இணைப்பு எண், இரண்டு பேரின் ரத்த வகை, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பக்கத்து வீட்டுக்காரரின் போன் நம்பர். அடுத்த பக்கத்தில் எந்தத் தேதியில் என்ன கட்ட வேண்டும் என்பது. இந்த நோட்டைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்கிறேன், அதனால் இப்போதே வாங்கிவிடுங்கள்.

அடுப்பு ரப்பர் டியூபில் அதை மாற்ற வேண்டிய வருஷம் அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது கைப்பழக்கமாக வேண்டும். மற்றதெல்லாம் போகப் போக வரும். அரிசி டப்பாவில் வசம்புத் துண்டு போடுவதும், புளியைக் கல் உப்புப் போட்டு ஜாடியில் அடைப்பதும் யாருக்கும் முதல் மாதமே தெரிந்திருக்காது.

"மாசம் இருபதாம் தேதிக்கே காசு காலியாகிடுது. எங்க போகுதுன்னே தெரியல."

பெரும்பாலும் அது மளிகைக் கடைக்குப் போவதில்லை. மாதா மாதம் வராத செலவுக்குத்தான் போகிறது. ஸ்கூல் பீஸ், தீபாவளி, வண்டி இன்சூரன்ஸ், எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக மொய். வருஷச் செலவையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை முதல் தேதியே தனியாக எடுத்து வையுங்கள். மீதியில்தான் மாதத்தை ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

மொய் நோட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி மாதம் மொய் விருந்து என்றே வைப்பார்கள். யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள், நாம் யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று இருபது முப்பது வருஷக் கணக்கு அந்த நோட்டில் இருக்கும். பல வீடுகளில் அதை வைத்திருப்பது அந்த வீட்டுப் பெண்தான். எழுதாமல் விட்டால் பணம் மட்டும் போகாது, உறவும் போய்விடும்.

ரேஷனை விடாதீர்கள். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசியை நன்றாகக் கழுவி ஊறவைத்தால் இட்லிக்கு அருமையாக வரும். அதைச் சொல்ல யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

"என்ன சமைக்கிறதுன்னு தினமும் யோசிக்கிறதே சமைக்கிறதைவிடக் கஷ்டமா இருக்கு."

காய் வாடுகிற வரிசையிலேயே சமையுங்கள், பாதி யோசனை குறையும். சந்தைக்குப் போன அன்று கீரை. அடுத்த இரண்டு நாள் வெண்டை, அவரை, கத்தரி. வாரக் கடைசிக்கு முட்டைகோஸ், பூசணி, சேனை, உருளை. மாவு அரைத்த நாளுக்கு இட்லி, மறுநாள் தோசை, புளித்த பிறகு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம்.

"மாமியாருக்குச் சுகர், அவருக்கு பிரஷர், பொண்ணுக்கு ஒன்றரை வயசு. ஒரே வீட்ல மூணு சமையல் முடியுமாக்கா?"

மூன்று சமையல் வேண்டாம். ஒரே சமையலை மூன்று விதமாகப் பரிமாறுங்கள். சுகர் இருப்பவருக்குப் பெரும்பாலும் குழம்பையும் பொரியலையும் மாற்ற வேண்டியதில்லை. தட்டில் சோற்றின் அளவைத்தான் மாற்ற வேண்டும். முதலில் பொரியலையும் பருப்பையும் வைத்து, ஒரு கரண்டி சோறு அதற்குப் பிறகு. பிரஷர்காரருக்கு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மேஜைக்கே வர வேண்டாம். எல்லாருக்கும் உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், சில வாரத்தில் நாக்கு பழகிக்கொள்ளும். குழந்தைக்குக் காரப்பொடி போடும் முன்பே பருப்பும் காயும் தனியாக எடுத்து மசித்துவிடுங்கள்.

என் மாமியாருக்கு மூன்று வேளைச் சோறு சாப்பிட்டே பழக்கம். "உங்களுக்குச் சுகர், சோறு கிடையாது" என்று சொன்ன முதல் வாரம் அவர் முகமே செத்துவிட்டது. அப்புறம் தட்டைச் சின்னதாக மாற்றினேன். சின்னத் தட்டில் சோறு நிறைந்திருந்தது, அவரும் பேசாமல் சாப்பிட்டார். மறுபடி மறுபடி இதை எல்லாரிடமும் சொல்கிறேன். பத்தியம் போடும்போது மருந்தை மட்டும் பார்க்காதீர்கள், மனுஷியையும் பாருங்கள்.

"மாமனார் விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு படுக்கையில இருக்கார். ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

பயம் வரத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில் மூன்று ஷிப்டில் ஆள் மாறிப் பார்த்த வேலையை வீட்டில் ஒருவர் தலையில் வைத்து அனுப்புகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் நர்ஸிடம் நின்று மூன்று விஷயம் கேட்டு, உங்கள் கையால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வாருங்கள்: எப்படிப் புரட்டுவது, எப்படித் துடைத்துவிடுவது, எந்த அறிகுறி வந்தால் உடனே கூட்டிவர வேண்டும்.

வீட்டில் முதல் எதிரி படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்ற வேண்டும். பக்கவாட்டில், மல்லாக்க, மறுபக்கம் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டி நேரம் எழுதுங்கள், யார் புரட்டினாலும் கையெழுத்து. விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தால்கூட மெலிந்த தோலை அது உறுத்தும். தினமும் குளிப்பாட்டும்போது குதிகால், வால் எலும்பு, இடுப்பு எலும்பு, தோள்பட்டை ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே தேய்க்காதீர்கள், பாரம் படவிடாதீர்கள், அன்றே காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் என் மாமனாருக்கு இடது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்ததை நான் எண்ணெய் தடவும்போதுதான் பார்த்தேன். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி வைத்தோம். நாலு நாளில் மறைந்தது. எண்ணெய் தடவாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பிசியோதெரபியும் நோய் தணிப்புக் கவனிப்பும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். அப்புறம் ஒன்று: மூத்திரத் துணி மாற்றுகிற இடத்தில் அவருக்கு எவ்வளவு கூச்சம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வேலையை மகன் செய்யட்டும். மருமகள்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை.

"அவர் ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டேங்கறார். சொன்னா செய்வார், சொல்லணும்."

அந்தச் 'சொல்லணும்'தான் பாரம். முதல் கேள்வியில் சொன்ன பார்த்து வைக்கிற வேலை உங்களிடமே இருக்கிறது, கை மட்டும்தான் அவருடையது. துண்டு துண்டாக வேலை சொல்லாதீர்கள். முழுசாக ஒன்றை ஒப்படையுங்கள். "அப்பா மருந்து உங்க பொறுப்பு" என்றால் வாங்குவது, தீருவதற்கு முன் தெரிந்துகொள்வது, நேரத்துக்குக் கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் அவருடையது. முதல் மாதம் ஒருநாள் தவறும். அப்போது நீங்கள் ஓடிப்போய்ச் செய்துவிட்டால் அந்தப் பொறுப்பு திரும்பவும் உங்களிடமே வந்துவிடும். (உயிருக்கு ஆபத்தான மருந்தில் இதைச் சோதிக்க வேண்டாம். துணி, தண்ணீர் கேன், ஸ்கூல் பேக் என்று ஆரம்பியுங்கள்.)

"நான் ஆம்பளை. கம்பெனி மூடிட்டாங்க, மனைவிக்கு நல்ல வேலை. நான் வீட்டைப் பாத்துக்கிட்டா தப்பா? சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க."

தப்பே இல்லை தம்பி. பேசுகிறவர்கள் யாரும் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி ஈரத்துணி போட வரப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். "உதவியா இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். "வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். உதவி என்றால் வேலை வேறு யாருடையதோ என்று ஆகிவிடும்.

"சொந்த வீட்டைப் பாக்கவே நேரம் பத்தல. இதுல ஊருக்கு எங்க செய்றது? வீட்டு வேலைக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்?"

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. காலையில் கதவைத் திறந்தபோது தெருவே தெரியவில்லை, தென்னை மேல் தென்னையாகக் கிடந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது, போனில் சார்ஜ் இல்லை. நிவாரணம் வரும் என்றார்கள், அது வந்து சேர நாளாயிற்று.

அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது ஆறு வீட்டுப் பெண்களுக்கு ஒருவர் சமையலறையில் என்ன இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரிந்திருந்ததுதான். யார் வீட்டில் அரிசி மூட்டை பிரிக்காமல் இருக்கிறது, யார் கொல்லையில் அடிபம்பு இருக்கிறது, யாரிடம் அம்மி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. விழுந்த மட்டையே விறகு. ஒரே அடுப்பில் உலை வைத்தோம், அம்மியில் தேங்காய்த் துவையல் அரைத்தோம். மூன்றாவது வீட்டு மருமகள் பிள்ளை பெற்று 20 நாள், அவளுக்குத் தனியாக மிளகு ரசம் போனது. கோடி வீட்டு அண்ணன் இன்சுலின் போடுகிறவர், பிரிட்ஜ் இல்லை. மருந்தை மூடி போட்ட டப்பாவில் வைத்து, மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பானையை நிழலில் வைத்தோம். அவருக்கு இன்சுலின் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தபோது "அவருக்கு வெண்பொங்கல் மட்டும் குடு" என்று அவர் மனைவி சொன்னது நினைவில் இருந்தது.

சாதாரண நாளிலும் இந்தச் சம்பந்தம் இருக்கிறது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதற்கு ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர் போதும். வாரத்துக்கு ஒருநாள் கொல்லையில் கிடக்கிற கொட்டாங்குச்சி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றியதாக அர்த்தம். மகளிர் குழுவையும் இப்படித்தான் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் அது 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சேமிப்புக்காகத் தொடங்கியது. ஆனால் வாரக் கூட்டத்தில் யார் முகம் வாடியிருக்கிறது என்று பத்துப் பேர் பார்க்கிறார்களே, அது எந்தப் பாஸ்புக்கிலும் ஏறாது.

"சாவு வீட்டுக்கு என்ன கொண்டு போறது? கையை வீசிட்டுப் போறதும் கஷ்டமா இருக்கு, என்ன செய்யணும்னும் தெரியல."

நல்ல கேள்வி. இதை இப்போது யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியாது. முதலில் போக வேண்டியது காபியும் குடிதண்ணீரும். பெரிய பிளாஸ்க், பேப்பர் கப், ஒரு தண்ணீர் கேன். திருப்பித் தர வேண்டிய எவர்சில்வர் தூக்கு வேண்டாம், அழுதுகொண்டிருப்பவர்கள் யார் பாத்திரம் எது என்று தேடக் கூடாது. கொண்டுபோவதில் உங்கள் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்து ஆட்களைப் பாருங்கள். அந்த வீட்டில் சுகர் மாத்திரை போடுகிறவர் யார், காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாரா? பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறதா? சின்னப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தயிர்சாதம் ஊட்டி, தலை சீவி அனுப்புங்கள். அதைவிடப் பெரிய உதவி கிடையாது. புருஷனைப் பறிகொடுத்தவளின் கையில் ஒரு டம்ளர் கஞ்சியைக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். கருமாதி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகுதான் வீடு வெறிச்சென்று இருக்கும். அந்த இருபதாவது நாள் ஒரு கிண்ணம் குழம்போடு போய் நில்லுங்கள்.

"வேலைக்கு ஒரு அக்காவை வச்சுக்கிட்டேன். வீட்டை நானே பாத்துக்கலன்னு குற்ற உணர்ச்சியா இருக்கு."

குற்ற உணர்ச்சி வேண்டாம், கணக்கில் சரியாக இருங்கள். அவரும் தன் வீட்டை முடித்துவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறார். வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி. வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் ஒருநாள் கூடவே போய்ப் பதிந்து கொடுங்கள்.

"மாசம் ஆயிரம் ரூபா வருது. 'கவர்மெண்ட் பிச்சை போடுது'ன்னு வீட்ல கிண்டல் பண்றாங்க. வாங்கறது தப்பாக்கா?"

2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம் அது. உதவித் தொகை என்று வைக்காமல் மகளிர் உரிமைத் தொகை என்றுதான் பெயரே வைத்தார்கள், காலம் முழுக்கச் செய்யும் வேலைக்கான அங்கீகாரம் என்று. ஐந்து மணி நேர வேலைக்கு அது சம்பளம் ஆகாது, சரி. ஆனால் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வருகிறது. ஏ.டி.எம். கார்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அதிலிருந்து முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் அவருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கும், உங்களுக்கு இருக்காது. நீங்கள் இல்லாமல் போனால் வீட்டுக்குப் பண நஷ்டம் இல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் சேர்ந்தால் 436 ரூபாயில் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. இரண்டிலும் இரண்டு லட்சம். உங்கள் பெயரில் எடுங்கள்.

"சம்பாதிக்காத எனக்குச் சொத்துல என்ன உரிமை இருக்கு? எல்லாம் அவர் காசுதானே?"

நீதிமன்றமே அப்படிப் பார்க்கவில்லை. விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு இழப்பீடு கணக்கிடும்போது அவர் வேலைக்கு மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 முதலே சொல்லிவருகிறது. 2010-ல் இன்னொரு தீர்ப்பில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர், கைதி வரிசையில் வேலை செய்யாதவர்களாக வைத்ததைக் கடுமையாகக் கண்டித்தது. 2021 ஜனவரியிலும் இதையே வலியுறுத்தியது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, அதனால் சேர்த்த சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. ஆனால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு, எல்லாருக்கும் தானாகப் பங்கு கொடுக்கிற தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. அதனால் வாங்கும்போதே பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். சிக்கல் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச வக்கீல் தருவார்கள்.

"எம்.எஸ்சி. படிச்சிட்டு வீட்ல இருக்கேன். படிப்பை வீணாக்கிட்டேன்னு அப்பா வருத்தப்படறார். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோணுது."

தோன்றுகிற நாளில் அதை அடக்காதீர்கள், கேளுங்கள். இந்த வேலையை நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்களா, வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தீர்களா? முதலாவது என்றால் அப்பாவிடம் நிமிர்ந்து சொல்லலாம். இரண்டாவது என்றால் வழி தேட வேண்டும். வீட்டுப் பராமரிப்பை நான் இவ்வளவு மதிப்பதால்தான் சொல்கிறேன், கட்டாயத்தில் செய்தால் அதுவே ஒரு ஆளை உள்ளுக்குள் அரித்துவிடும். வீட்டில் இருந்தாலும் படிப்பு துருப்பிடிக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பெண் மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறாள். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள், முடியாதவர் வீட்டிலிருந்து முருங்கைக்காய் வருகிறது.

"யாருக்கும் எதுவும் செய்யவே தோணலக்கா. அடுப்பைப் பாத்தாலே அழுகை வருது. நான் கெட்டவளா?"

இல்லை. களைப்பு என்றால் இரண்டு நாள் தூங்கி எழுந்தால் தெளியும். இரண்டு வாரமாகத் தூக்கம், பசி, ஆசை எதுவும் இல்லாமல் அழுகை மட்டும் இருந்தால் அதற்கு வைத்தியம் தேவை. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள், தமிழிலேயே பேசலாம். பிள்ளை பெற்ற முதல் வருஷத்தில் இது வந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

அடி, உதை, பட்டினி போடுவது என்று இருந்தால் அது வேறு. அதைப் பொறுத்துப் போவதற்குக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வது என்று பெயர் வைக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

"நான் ரெண்டு நாள் படுத்தா வீடே நின்னு போகுது. அதனாலயே ஆஸ்பத்திரிக்குப் போறதைத் தள்ளிப் போடறேன்."

இதற்குத்தான் நோட்டு. என் கர்ப்பப்பை ஆபரேஷனை ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டேன், மாமனார் மருந்தை யார் பார்ப்பது என்று. ரத்தம் மிகவும் குறைந்து, மயங்கி விழுந்த பிறகுதான் போனேன். போவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து எழுதினேன். எந்த மாத்திரை எந்த டப்பாவில், காலையில் எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. பால்காரருக்கு எவ்வளவு பாக்கி. சின்னவன் ரசத்தில் தக்காளித் தோல் இருந்தால் சாப்பிட மாட்டான். பெரியவளுக்கு இந்த வாரம் நாப்கின் தேவைப்படும், கேட்கக் கூச்சப்படுவாள், அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பாட்டிக்குச் சாயங்காலம் இரண்டு இட்லி, கெட்டிச் சட்னி.

பதினோரு பக்கம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எட்டாவது நாள் திரும்பியபோது என் வீட்டுக்காரர் அதில் பன்னிரண்டாவது பக்கம் எழுதியிருந்தார். பாட்டி இட்லியைவிட இடியாப்பத்தை விரும்பிச் சாப்பிடுகிறார், பல் வலி என்கிறார், திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன் என்று இருந்தது.